முதல்ல அனுப்பினது யாரு?

"எவன் முதல்ல அனுப்பினான்னு கண்டுபிடிச்சு உள்ள தள்ளினா எல்லாம் சரியாயிடும்." டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பும்போதெல்லாம் இதுவும் கூடவே கிளம்பும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தீ வைத்தவனைப் பிடிக்க வேண்டாமா?

பிடிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் அதற்காக நம் நாட்டில் விதியாகவே எழுதி வைத்திருக்கும் வழி இருக்கிறதே, அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அதிலும் ஒரு கூத்து என்னவென்றால், வீடு எரிந்து முடிந்த பிறகு பார்த்தால் எலி எப்போதோ ஓடிப் போயிருக்கும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். நாளைக்கு இன்டர்னல் இருக்கிறவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம்.

விதி என்ன சொல்கிறது?

2021 பிப்ரவரி 25 அன்று மத்திய அரசு புதிய தகவல் தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டது. சமூக ஊடகம், ஓடிடி, இணையச் செய்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூட்டை. அந்த மூட்டைக்குள் 4(2) என்று ஒரு விதி. 50 லட்சம் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கும் மெசேஜிங் சேவை எதுவாக இருந்தாலும், ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் அடையாளம் காட்ட வேண்டும். அன்றைக்கு அரசே சொன்ன கணக்குப்படி இந்தியாவில் வாட்ஸ்அப் பயனர்கள் 53 கோடி பேர். ஆக இது யாரோ நாலு பேருக்கான விதி இல்லை. உங்கள் அம்மா, உங்கள் ஹெச்ஓடி, உங்கள் ஊர் பால்காரர் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

யார் கேட்டால் காட்ட வேண்டும்? பலரும் நீதிமன்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆம் பிரிவின் கீழ் அதிகாரம் பெற்றவரின் உத்தரவே போதும். அவர் யார்? மத்திய உள்துறைச் செயலர், அல்லது மாநில உள்துறைச் செயலர். அதாவது அரசாங்கம் கேட்கும், அரசாங்கமே அனுமதியும் கொடுத்துக்கொள்ளும்.

என்னென்ன குற்றங்களுக்கு? நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்று பட்டியல் இருக்கிறது. கடைசி இரண்டைப் பார்த்துவிட்டு யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கிறதே "பொது ஒழுங்கு", அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நம் ஊரில் மறியலும் பொது ஒழுங்குதான், தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்வதும் பொது ஒழுங்குதான்.

இந்தக் கோரிக்கைக்கு ஒரு சோகமான பின்னணி உண்டு

இதை மறைத்துவிட்டு வாதம் செய்தால் அது நேர்மையாகாது. 2018-இல் பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று நாடு முழுக்க வாட்ஸ்அப் வதந்தி பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து காரில் வந்திருந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்தே போனார். கூட வந்த உறவினர்களுக்கும் பலத்த அடி. ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற ஊரில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள்.

இதைப் படித்துவிட்டு "எவன்டா முதல்ல அனுப்பினான்?" என்று கோபம் வராவிட்டால் அவன் மனுஷனே இல்லை. அந்தக் கோபத்தின் மேல்தான் இந்த விதியைக் கட்டியிருக்கிறார்கள். சரி, விதியை அந்தச் சம்பவங்களிலேயே பொருத்திப் பார்ப்போம்.

அந்த ஆண்டு பரவிய வீடியோக்களில் ஒன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், ஜாக்கிரதை என்று அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். மீதி, நிஜக் கடத்தல் போல ஊர் ஊராகச் சுற்றியது.

இதற்கு "முதலில் அனுப்பியவர்" யார்? படம் எடுத்த கராச்சிக்காரரா? கத்தரி போட்டவரா? வேறு ஏதோ தளத்திலிருந்து இறக்கி வாட்ஸ்அப்பில் முதலில் போட்டவரா? விதியில் இதற்குப் பதில் இருக்கிறது. முதலில் அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரையே முதலானவராகக் கருத வேண்டுமாம்! அதாவது துபாயில் இருக்கும் சித்தப்பா அனுப்பியதைப் பயந்துபோய் "இது உண்மையா பாரு" என்று தம்பிக்குத் தட்டிவிட்ட அம்மாதான், சட்டத்தின் கண்ணில் வதந்தியின் பிறப்பிடம். கத்தரி போட்டவன் எங்கேயோ சுகமாக இருப்பான்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இந்த விவாதத்துக்கும் நம் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று பொதுநல மனுக்கள் போட்டார்கள். ஆதார் விஷயம் பின்னால் போய், "வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா முடியாதா" என்ற இடத்துக்கு வழக்கு வந்து நின்றது. 2019-இல் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி (2022 முதல் அந்த நிறுவனத்தின் இயக்குநர்) முடியும் என்று ஒரு யோசனை கொடுத்தார். ஒவ்வொரு செய்தியோடும் முதலில் எழுதியவரின் அடையாளத்தை ஒட்டி அனுப்பலாம். படிப்பவர்களுக்கே தெரியும்படி வைக்கலாம். இல்லையென்றால் அதையும் பூட்டி, நீதிமன்றம் கேட்கும்போது மட்டும் வாட்ஸ்அப் திறந்து காட்டும்படி வைக்கலாம்.

ஐஐடி பம்பாய் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்து எழுதினார். அந்த அடையாளத்தைப் போலியாக ஒட்ட முடியும், விவரம் தெரிந்த குற்றவாளி தப்பிவிடுவான், சாதாரண ஆள்தான் தன் ரகசியத்தை இழப்பான் என்பது அவர் வாதத்தின் சாரம். பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021-இல் விதியே வந்துவிட்டது. இரண்டு ஐஐடிக்காரர்கள் சண்டை போட்டால் நமக்கென்ன என்று போய்விடாதீர்கள். யார் சொல்வது சரி என்று நாமே யோசித்துப் பார்க்க முடியும். பெரிய கணிதம் எல்லாம் வேண்டாம்.

என்க்ரிப்ஷன், ஐந்து நிமிடத்தில்

மறையாக்கம் என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. உங்கள் போனில் இரண்டு சாவிகள் உருவாகின்றன. ஒன்று பூட்ட மட்டும் உதவும். அதை ஊருக்கே கொடுக்கலாம். இன்னொன்று திறக்க. அது உங்கள் போனை விட்டு வெளியே போகாது. நான் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பும்போது, உங்கள் பூட்டும் சாவியை வைத்து என் போனிலேயே பூட்டப்படுகிறது. நடுவில் இருக்கும் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது பூட்டிய பெட்டி மட்டும். (உண்மையில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறிக்கொண்டே இருக்கும். அதை செக்யூரிட்டி எலக்டிவ் எடுத்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) இந்த யோசனையின் வேர் 1976-இல் டிஃபி, ஹெல்மேன் என்ற இருவர் எழுதிய கட்டுரை. வாட்ஸ்அப் இதை எல்லாப் பயனர்களுக்கும் எல்லாச் செய்திகளுக்கும் கொண்டுவந்தது 2016 ஏப்ரலில்.

இப்போது நடுவில் இருக்கும் தபால்காரரிடம் போய், "நீ எந்தப் பெட்டியையும் திறக்காதே. ஆனால் இந்தக் கடிதத்தை நாட்டில் முதலில் எழுதியது யார் என்று மட்டும் சொல்" என்றால் அவர் என்ன செய்வார்? இரண்டே வழி. ஒன்று, காமகோடி சொன்னதுபோல எல்லாக் கடிதத்திலும் எழுதியவரின் பெயரை ஒட்டி அனுப்பச் சொல்வார். இல்லையென்றால், ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கைரேகை எடுத்து, எந்தக் கைரேகை எந்த எண்ணிலிருந்து முதலில் வந்தது என்று பெரிய பேரேடு எழுதி வைப்பார்.

பேரேடு வழியைப் பாருங்கள். ஹாஷ் என்று சொல்லப்படும் இந்தக் கைரேகைக்கு ஒரு குணம் உண்டு. செய்தியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினால், ஒரு புள்ளி கூடுதலாக வைத்தால், கைரேகை மொத்தமாக மாறிவிடும். ஆக, வதந்தி கிளப்புகிறவன் என்ன செய்வான்? கடைசியில் ஒரு ஸ்மைலி சேர்ப்பான். முடிந்தது. இன்னும் மோசம், நல்ல எண்ணத்தில் வதந்தியின் எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பிய தமிழாசிரியர் அந்தப் புதிய வடிவத்தின் "முதல் ஆள்" ஆகிவிடுவார்! காப்பி பேஸ்ட், ஸ்கிரீன்ஷாட், டிவியில் ஓடுவதை போனில் படம் பிடிப்பது, இவற்றில் எது நடந்தாலும் சங்கிலி அறுந்து புதிதாக ஒரு "முதல் ஆள்" பிறக்கிறார்.

பெயர் ஒட்டும் வழியிலும் இதே கதைதான். ஒட்டும் வேலையைச் செய்வது அனுப்புகிறவரின் போனில் இருக்கும் ஆப். ஆப்பை மாற்றி எழுதத் தெரிந்தவன் வேறு ஒருவரின் பெயரை ஒட்ட வழி தேடுவான். ஒட்டத் தெரியாதவனுக்கும் கவலையில்லை. யாரோ ஒருவர் பெயரில் வாங்கிய சிம் ஒன்று கிடைத்தால் போதும்.

சரி, இந்தப் பேரேட்டில் யாருடைய செய்தியெல்லாம் ஏற வேண்டும்? எந்தச் செய்தி நாளைக்கு வதந்தி ஆகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாச் செய்தியும் ஏற வேண்டும். வாட்ஸ்அப்பில் உலகம் முழுக்க ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி செய்திகள் போகின்றன என்று அந்த நிறுவனம் 2020-இல் சொன்னது. அதில் நம் பங்கு முழுவதும். நீங்கள் டாக்டருக்கு அனுப்பிய ரிப்போர்ட், வக்கீலுக்கு எழுதிய கேள்வி, பத்திரிகைக்காரருக்குக் கொடுத்த துப்பு, காதலிக்கு இரவு ரெண்டு மணிக்கு அனுப்பிய கவிதை. (கவிதை வெளியே வந்தால் அதற்கே தனியாகத் தண்டனை கொடுக்கலாம், அது வேறு விஷயம்.)

உள்ளடக்கத்தைச் சொல்லத் தேவையில்லை என்று விதியில் இருக்கிறதே என்பார்கள். இதைவிடப் பெரிய சமாதானம் இருக்க முடியாது. கேட்கிற அதிகாரியின் கையில் செய்தி ஏற்கெனவே இருக்கிறது ஐயா! அவருக்கு வேண்டியதே பெயர்தான்.

எங்கள் ஹாஸ்டல் சாம்பார்

இது கற்பனைப் பயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். கல்லூரி பெயர் வேண்டாம். கூடப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அவசியமில்லை.

மெஸ் சாம்பாரில் புழு. யாரோ போட்டோ எடுத்து, அது எல்லா குரூப்பிலும் சுற்றியது. மறுநாள் நிர்வாகம் எங்களை வரிசையில் நிற்கவைத்து போனைத் திறக்கச் சொன்னது. ஒரே கேள்விதான்: "முதல்ல போட்டது யாரு?" எங்கள் குரூப்பில் மேலே தள்ளிக்கொண்டே போனால் முதலில் வந்தது ஒரு முதலாமாண்டுப் பையனின் பெயர். அவன் போட்டோ எடுக்கவில்லை. வேறு பிளாக் சீனியர் ஒருவர் வைத்திருந்த குரூப்பிலிருந்து எடுத்து, "அண்ணா, இது நம்ம மெஸ்ஸா?" என்று கேட்டிருந்தான். அவ்வளவுதான். அவன் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டார். அவன் மன்னிப்புக் கடிதம் எழுதினான். போட்டோ எடுத்தவர் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சாம்பார் மட்டும் மாறவே இல்லை. "புழு எப்படி வந்தது" என்று அந்த மீட்டிங்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மெஸ் பற்றி யாரும் எந்த குரூப்பிலும் வாய் திறப்பதில்லை. கூப்பிட்டு மிரட்டியது ஒரே ஒருவனை. வாயை மூடிக்கொண்டது முந்நூறு பேர். இதையே 53 கோடி பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். அந்த விதி என்ன செய்யும் என்பது புரியும்.

"எனக்கு மறைக்க ஒன்றுமில்லையே"

இந்த வசனத்தைச் சொல்பவர்களிடம் ஒன்று கேட்க ஆசை. உங்கள் போனை லாக் இல்லாமல் கிளாஸ் டேபிளில் வைத்துவிட்டு கேன்டீன் போவீர்களா? பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிப்பீர்களா? அங்கே குற்றம் ஏதும் நடப்பதில்லை. ஆனாலும் தாழ்ப்பாள் போடுகிறோம்.

இன்னொன்று, எது குற்றம் என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபரைக் கைது செய்தார்கள். அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதற்கு. அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைது. மும்பை கடையடைப்பைப் பற்றி ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதினார், இன்னொருவர் அதற்கு லைக் போட்டார். லைக்! அப்போது இருந்தது 66-ஏ பிரிவு. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தூக்கி எறிந்தது. ஆனாலும் அதன் கீழ் தொடர்ந்து வழக்குப் பதிவாகிக்கொண்டே இருப்பதைப் பார்த்து 2021-இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. செத்துப்போன சட்டத்தையே ஆறு வருடம் வைத்து வழக்குப் போட்டவர்கள் கையில், உயிரோடு ஒரு பேரேட்டைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

அரசுக்கு இந்த விஷயத்தில் எவ்வளவு தெளிவு என்பதற்கும் ஒரு உதாரணம். 2015 செப்டம்பரில் தேசிய மறையாக்கக் கொள்கை என்று ஒரு வரைவு வந்தது. அதன்படி, நீங்கள் மறையாக்கம் செய்து அனுப்பியதை எல்லாம் பூட்டாத வடிவில் 90 நாள் சேமித்து வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். அதாவது, கடிதத்தை உறையில் போட்டு ஒட்டு, ஆனால் ஒரு ஜெராக்ஸை மூன்று மாதம் திண்ணையில் வை. நாடே சிரித்ததும் அவசரமாக வாபஸ் வாங்கினார்கள். அன்றைக்குச் சிரித்தோம். ஆறு வருடம் கழித்து அதுவே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது பாதிப்பேர் கைதட்டினோம்.

நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு

"சரி, தப்பாகப் பயன்படுத்தாமல் நல்ல அதிகாரிகளிடம் மட்டும் கொடுத்தால்?" இது அடுத்த கேள்வி. கதவு யார் கை வைக்கிறார்கள் என்று பார்த்துத் திறப்பதில்லை. இது வெறும் பேச்சு இல்லை, நடந்தே இருக்கிறது.

கிரீஸ் நாட்டில் வோடஃபோன் நெட்வொர்க்கின் ஸ்விட்சுகளில் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான வசதி மென்பொருளாக இருந்தது. 2004, 2005-இல் யாரோ உள்ளே புகுந்து அந்த வசதியை ரகசியமாக இயக்கி 100-க்கும் மேற்பட்ட போன்களை ஒட்டுக்கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் ஒருவர் அந்நாட்டுப் பிரதமரே. போலீஸுக்காக வைத்த ஜன்னல் வழியாகப் பிரதமர் வீட்டுக்குள்ளேயே திருடன்.

அமெரிக்கா 1990-களில் பலமான மறையாக்கத்தை வெளிநாட்டுக்கு விற்கத் தடை போட்டது. வெளிநாட்டுக்காரர்களுக்கென்று வேண்டுமென்றே பலவீனமாக்கிய வடிவம்தான் ஏற்றுமதி. பிறகு தடை தளர்ந்தது, எல்லோரும் மறந்தார்கள். ஆனால் பழைய வடிவத்துக்கான கதவு மென்பொருள்களில் அப்படியே இருந்தது. 2015-இல் ஃப்ரீக் என்று பெயரிட்ட ஓட்டையாக அது வெளியே வந்தபோது, அமெரிக்க அரசுத் தளங்கள் சிலவும் அதில் மாட்டின. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

2024-இல் நடந்தது எல்லாவற்றுக்கும் மேல். சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட, சீன அரசோடு தொடர்புடையது என்று அமெரிக்கா சொல்லும் ஹேக்கர் குழு அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்தது. அவர்கள் கை வைத்த இடங்களில், நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக்கேட்பதற்கான அமைப்புகளும் உண்டு. அந்த டிசம்பரில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பே, முழு மறையாக்கம் உள்ள மெசேஜிங் ஆப்களைப் பயன்படுத்துங்கள் என்று அறிவுரை சொன்னது. 2016-இல் ஐபோன் பூட்டை உடைத்துக் கொடு என்று எஃப்பிஐ ஆப்பிளைக் கோர்ட்டுக்கு இழுத்த அதே நாடு!

இப்போது நம் பேரேட்டை நினைத்துப் பாருங்கள். யார் யாருக்கு எதை முதலில் அனுப்பினார்கள் என்று 53 கோடிப் பேரின் கணக்கு ஒரே இடத்தில். திருட இதைவிட நல்ல பொருள் உலகத்தில் இருக்கிறதா?

வாட்ஸ்அப்புக்கு வக்காலத்தா?

இல்லவே இல்லை. 2021 விதியை எதிர்த்து அந்த ஆண்டு மே மாதம் வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில், மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே போய்விடுவோம் என்றும் அங்கே சொன்னது. கேட்க வீரமாக இருந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது எதற்கு? 2021-இல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையைத் திணித்த விதத்துக்கு. செய்தியைத்தான் பூட்டுவார்கள். நீங்கள் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசுகிறீர்கள் என்ற விவரம் பூட்டுக்கு வெளியேதான் கிடக்கிறது. வியாபாரி நம் பக்கம் நின்றால் அது அவருக்கு லாபம் இருக்கிற வரைக்கும்தான். உரிமை நம்முடையது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது நமக்காக, மெட்டாவுக்காக அல்ல.

அப்போ குற்றவாளியை விட்டுவிடலாமா?

இதுதான் நேர்மையான கேள்வி, அதுவும் குழந்தைகள் விஷயத்தில். தட்டிக்கழிக்க மாட்டேன். மறையாக்கம் இருப்பதால் சில குற்றங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகும். உண்மைதான். வீட்டுக்குள் கேமரா இல்லாததாலும் பல குற்றங்கள் தப்புகின்றன. அதற்காக எல்லா வீட்டிலும் கேமரா வைக்கச் சொல்வதில்லை.

போலீஸ் கையில் வேறு எதுவுமே இல்லை என்பதும் சரியில்லை. வதந்தி ஆயிரம் பேர் போனில் வெட்டவெளிச்சமாகக் கிடக்கிறது. பெற்றவர் ஒருவர் புகார் கொடுத்தால் அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். எந்த எண், எப்போது, எந்த ஐபி என்ற விவரங்களை உத்தரவு கொடுத்து வாங்கலாம். சந்தேகப்படும் ஒருவரின் போனைச் சட்டப்படி கைப்பற்றலாம். இதெல்லாம் ஒருவரைச் சந்தேகித்து ஒருவரைத் தேடுவது. 4(2) கேட்பது எல்லோரையும் சந்தேகித்து ஒருவரைத் தேடுவது.

வதந்தியைத் தடுக்க வேறு வழி இல்லையா? 2018 ஜூலையில், ஒரு முறைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020-இல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று இறுக்கினார்கள். யாருடைய கடிதத்தையும் பிரிக்காமல் வேகத்தைக் குறைக்கிற வழி இது. அத்திமூரில் அந்த அம்மாவைக் கொன்றது வாட்ஸ்அப் மட்டும் இல்லை. அந்நியரைக் கண்டால் அடிக்கலாம் என்கிற தைரியமும் சேர்ந்துதான். அந்தத் தைரியத்தை எந்தப் பேரேடும் குறைக்காது.

நிஜமான கெட்டவன் என்ன செய்வான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறையாக்கம் என்பது கம்பெனிச் சொத்து இல்லை, கணக்கு. பாடப் புத்தகத்தில் இருக்கிறது, திறந்த மூலத்தில் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பை உடைத்தால் அவன் அன்றைக்கே வேறு ஆப்புக்குப் போவான். 2023 மே மாதம் பாதுகாப்புக் காரணம் சொல்லி 14 மெசேஜிங் ஆப்களை அரசு முடக்கியது. பதினைந்தாவது ஆப்பை எழுத ஒரு நல்ல இறுதியாண்டு ப்ராஜெக்ட் டீம் போதும். உடைந்த பூட்டோடு மிஞ்சப்போவது நானும் நீங்களும்தான்.

கடைசியாக

நாளைக்கே நீங்கள் செய்யக்கூடியது சில உண்டு. வாட்ஸ்அப் பேக்கப் தானாக முழு மறையாக்கத்தோடு போவதில்லை. 2021 முதல் அதற்குத் தனி வசதி இருக்கிறது, செட்டிங்ஸில் தேடி இயக்குங்கள். கடவுச்சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள், மீட்க முடியாது. இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். முடிந்தால் சிக்னலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இவை எல்லாம் தனி ஆளின் தாழ்ப்பாள். விதி என்பது எல்லோர் வீட்டுக் கதவும். அடுத்த முறை உங்கள் குடும்ப குரூப்பில் யாராவது "முதல்ல அனுப்பினவனைப் பிடிச்சா சரியாயிடும்" என்று எழுதினால், சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாமா, நீங்க காலையில அனுப்பினீங்களே, அது உங்களுக்கு யார்கிட்டேருந்து வந்தது? அவருக்கு யாரு அனுப்பினாங்க?"

பதில் வராது. அது வெளிநாட்டிலிருந்து வந்து, இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியது மாமா என்றால் மாமாவே முதல் ஆள் என்கிறது விதி. அதை அவருக்குப் பொறுமையாகப் புரியவைக்க வேண்டியது நம் வேலை.

பி.கு.: மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகத் திட்டலாம். ஆதாரத்தோடு திட்டினால் பதில் உண்டு. "தேசத் துரோகி" என்று மட்டும் எழுதினால் பதில் இல்லை, ஆனால் அதை எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதே என் கட்சி.